ஸ்தலத்தில் வாடை ஏதும் இல்லை

உக்காருங்க அண்ணாச்சி, எந்திரிச்சுப் போயிராதீங்க. நான் இப்பம் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால சொன்னது அம்புட்டும் பொய். ஆபரேஷன் பெயிலும் ஆகல, ஒரு மண்ணும் ஆகல. என் மூக்கு ஜம்முனு திறந்துட்டு. அவரு கார்ல என்னத்தையோ மறந்து வச்சுட்டாராம், எடுக்கப் போயிருக்காரு. அதுக்குள்ள சொல்லிருதேன். வியாழக்கிழமை உங்களுக்கு ஆபரேஷனாம்லா, நர்ஸ் பொண்ணு சொல்லிச்சு. நான் பாட்டுக்கு "ஒரு வாசனையும் தெரியல, எல்லாம் வீண்"னு சத்தமாச் சொல்லப் போயி, உங்க முகம் சுண்டிப் போச்சு. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு மனுசனைப் பயங்காட்டி விரட்டின பாவம் எனக்கு வேண்டாம்.

நம்பலையா? உங்க சட்டைப் பையில ஏலக்காய் இருக்கு. இருக்கா இல்லையா? வெளியில எடுக்காதீங்க, எடுக்காதீங்க, அவரு வந்துருவாரு. தலைக்கு நல்லெண்ணெய் தேச்சுக் குளிச்சிருக்கீங்க, நேத்து. சரிதானா? இப்பமாவது உக்காருங்க.

என் பேரு தெய்வநாயகம். ரிட்டயர்டு சர்வேயர். பெருமாள்புரத்துல பன்னெண்டு வீடு உள்ள ஒரு அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடி. அங்க நான்தான் செகரட்டரி, ஆறு வருஷமா. போட்டியில்லாம. இப்பம் போனாரே, அவரு ஆவுடையப்பன். துணைச் செகரட்டரி. நல்ல மனுசன்தான், ஆனா ஒரு விஷயத்தைப் பிடிச்சா விடமாட்டாரு.

என் மூக்குக் கதையை முதல்ல கேளுங்க. நாலஞ்சு வருஷமா எனக்குச் சளி, தலைவலி, நெத்தி பாரம். குனிஞ்சா முகம் பூராம் கனக்கும். ஸ்கேன் படத்தை லைட்ல மாட்டி டாக்டரம்மா காட்டினாங்க. வெளியில பாத்தா என் மூக்கு நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கும். பொண்ணு பாக்கப் போனப்போ பிரமு வீட்டுல இந்த மூக்கைப் பாத்துத்தான் சரின்னாங்களாம். பிரமுன்னா என் வீட்டுக்காரி, பிரமநாயகி. உள்ள பாத்தா, நடுச்சுவரு இடது பக்கமாச் சாஞ்சு வளைஞ்சு கிடக்கு! முப்பத்தி நாலு வருஷம் ஊராங்க எல்லைக்கல்லை நேராக்கினவன் நான், என் மூக்குக்குள்ள எல்லைச் சுவரு இப்படிக் கோணிப் போயிருக்கு.

அது மட்டுமா. உள்ள மடிப்பு மடிப்பா எலும்பு இருக்கும்லா, அதுல ஒண்ணு காத்தடைச்சு உப்பிப் போயிருக்கு. மிச்ச வழி பூராம் சதை வளந்து, திராட்சைக் குலை கணக்காத் தொங்குது. வாசனை தெரியுற இடம் மூக்கோட உச்சியில இருக்காம், கொஞ்சூண்டு இடம். காத்து அங்கன போனாத்தானே வாசனை? போக வழியே இல்ல. "எத்தனை வருஷமா வாசனை தெரியல?"ன்னு கேட்டாங்க. நாலு வருஷம்னேன். "நாலு வருஷமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"ன்னாங்க. என்ன பண்ணுவேன், செகரட்டரியா இருந்தேன்னேன்.

பயப்படாதீங்க, உங்க மூக்கு என் மூக்கு இல்ல. ஒவ்வொருத்தருக்கும் உள்ள ஒவ்வொரு மாதிரியாம், அதனாலதான் முதல்ல படம் எடுத்து வழி பாத்துக்கிடுதாங்க. சர்வே மாதிரிதான். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

சரி, விஷயத்துக்கு வாரேன். நாலு வருஷத்துக்கு முன்னால, ஒண்ணாவது மாடியில செலின் டீச்சர் குடி வந்தா. உவரிக் கடற்கரைக்காரி, இங்க ஸ்கூல்ல கணக்கு டீச்சர். வீட்டுக்காரருக்குக் கப்பல் வேலை, வருஷத்துல ஒரு மாசம் வந்தாப் பெருசு. கூட அவ அப்பா மிக்கேல் அய்யா. அந்தக் காலத்துல கடல்ல கிடந்த மனுசன். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துட்டு. கருவாட்டுக் குழம்பு இல்லேன்னா சோத்துல கை வைக்க மாட்டாரு. இதுக்காகவே ரெண்டு வீடு காலி பண்ணிட்டு வந்தவ. எங்க பன்னெண்டு வீட்டுல ஒம்போது வீடு சுத்த சைவம். நானும் சைவப் பிள்ளைமாருதான். கருவாடு எப்படி மணக்கும்னு ஜென்மத்துல தெரியாது.

எனக்கு மூக்கு செத்த விஷயத்தை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. பிரமுவுக்கு மட்டும் தெரியும். செகரட்டரிக்கு மூக்கு இல்லைன்னா மதிப்பானா? ஒரு தடவை மாட்டிக்கிடப் பாத்தேன். டீச்சர் குடி வந்து பத்து நாள் இருக்கும். பிரமு கோயிலுக்குப் போயிட்டா. நான் சாமி விளக்கு ஏத்தப் போறேன், தீப்பெட்டி கையில இருக்கு. ஏதோ கேக்கதுக்காகப் படியேறி வந்த டீச்சர், "சார், கேஸு!"ன்னு கத்திக்கிட்டு உள்ள ஓடி வந்து தீப்பெட்டியைப் பிடுங்கிட்டா. அடுப்பு அணைஞ்சு, குமிழ் திறந்தே கிடந்திருக்கு. வீடு பூராம் கேஸாம். நான் சமாளிச்சுட்டேன்லா. "எனக்கும் லேசா வந்துது டீச்சர், எங்கயிருந்து வருதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்"னேன். அவ என்னையவே பாத்துக்கிட்டுக் குமிழை மூடினா. நல்லவேளை, அவளுக்குச் சந்தேகமே வரல.

அடுத்த வாரமே ஆவுடையப்பன் புகாரு எழுதிக் கொடுத்துட்டாரு. ஒண்ணாவது மாடி வாடை தாங்க முடியல, காலி பண்ணச் சொல்லுங்கன்னு. வீட்டு ஓனர் பெங்களூர்ல இருக்காரு. சங்கம் என்ன சொல்லுதோ அதுதான் அவருக்கு. கூட்டம் போட்டோம். டீச்சர் எந்திரிச்சு என்ன சொன்னா தெரியுமா? "செகரட்டரி சாரே எங்க வாசல்ல வந்து நின்னு பாக்கட்டும். அவங்க வாடை அடிக்குன்னு சொன்னா அன்னைக்கே காலி பண்ணிருதேன். ஆனா அவங்க மட்டும்தான் சொல்லணும்." வந்து ஒரு மாசம்கூட ஆகல, அண்ணாச்சி! அதுக்குள்ள என் நேர்மை மேல எம்புட்டு நம்பிக்கை பாருங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

நான் சர்வேயருல்லா? ஸ்தலத்துல போயி நிக்காம ஒரு வரி எழுத மாட்டேன். போனேன். வாசல்ல நின்னேன். நல்லா மூச்சை இழுத்துப் பாத்தேன், அதுல குறை வைக்கல. ஒண்ணுமே இல்ல. ஆவுடையப்பன் பத்தடி தள்ளி மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்காரு. "என்னவே, ஒண்ணும் இல்லையா?"ங்காரு. இல்லைன்னேன். தீர்மானப் புத்தகத்துல எழுதினேன்: "ஸ்தலத்தில் நேரில் நின்று பார்த்ததில் வாடை ஏதும் இல்லை." கையெழுத்துப் போட்டேன். நாலு வருஷத்துல பதினோரு தடவை இதே மாதிரி எழுதியிருக்கேன்.

ஊருல எனக்கு என்ன பேரு தெரியுமா! சைவப் பிள்ளை, ஆனா என்ன விசாலமான மனசுன்னு பேசிக்கிட்டாங்க. டீச்சர் போற மாதா கோயில் பங்குச்சாமியார் ஒரு விழாவுல என்னைய மேடையேத்திப் பொன்னாடை போத்தினாரு. நானும் போத்திக்கிட்டேன். வேண்டாம்னா சொல்ல முடியும்? சத்தியமாச் சொல்லுதேன், நானும் நம்பிட்டேன் அண்ணாச்சி, எனக்கு விசாலமான மனசுதான்னு.

அப்புறம் ஆபரேஷன் ஆச்சு. சதையை எடுத்து, சுவரை நேராக்கி, உப்பிக் கிடந்ததை நறுக்கி விட்டாங்க. ரெண்டு நாள் பஞ்சு அடைச்சு வச்சிருந்தது மட்டும் கொஞ்சம் கஷ்டம். மூக்கைச் சிந்தக் கூடாது, தினமும் உப்புத் தண்ணி விட்டுக் கழுவணும். அவ்வளவுதான். மூணாவது வாரம் ஒரு நாள் காலையில முழிக்கேன், ஏதோ நாறுது. என்னன்னு பாத்தா என் தலகாணி! "பிரமு, ஏன் சொல்லல?"ன்னு கத்தினேன். "நாலு வருஷமாச் சொல்லுதேன்"ங்கா.

அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் அது வந்துது. யம்மாடி! கட்டிலுக்கு அடியில எலி செத்துக் கிடக்குன்னு நினைச்சு, குனியக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னதையும் மறந்து குனிஞ்சு தேடுதேன். பிரமு அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, "அங்க என்ன தேடுதீங்க? அது கீழ டீச்சர் வீடு"ங்கா.

"நாலு வருஷமா இப்படித்தானா?"

"நாலு வருஷமா இப்படித்தான்."

"நீ ஏன்ட்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்கதான் ஸ்தலத்துல நின்னு பாத்து இல்லைன்னு எழுதிட்டு வந்துருவீங்களே. நான் என்னத்தைச் சொல்ல?"ன்னுட்டு அப்பளம் பொரிக்கப் போயிட்டா.

பதினோரு கையெழுத்து! பதினோரும் பொய்யி! மூக்கு பண்ணின தருமத்துக்கு நான் பொன்னாடை வாங்கியிருக்கேன். பழைய அளவு தப்புன்னா ஒத்துக்கிட்டுத் திருத்தி எழுதணும், அதுதான் சர்வேயருக்கு அழகு. திருத்தி எழுதினா அந்தப் பிள்ளை பெட்டியைக் கட்டணும். மகாராசி பிரமு வேற சும்மா இருக்காம, என் வீட்டுக்காரருக்கு நாலு வருஷம் கழிச்சு வாசனை வந்துட்டுன்னு ஆவுடையப்பன் வீட்டம்மாகிட்ட சந்தோஷமாச் சொல்லிட்டா. முடிஞ்சுது கதை.

ஆவுடையப்பன் படி ஏறி வாராரு. "ஏன்வே, மூக்கே இல்லாமலா நாலு வருஷமாத் தீர்ப்பு எழுதினீரு?"ங்காரு. புது மூக்கோட ஒரு தடவை வந்து நில்லும், நின்னு எழுதும்னு ஒத்தைக் காலுல நிக்காரு. ஊர் பூராம் தெரிஞ்சு போச்சு. டீச்சர் ஆப்பிள் வாங்கிட்டு என்னையப் பாக்க வந்தா. அந்தச் சேதி கேட்டு எவ்வளவு அதிர்ச்சியா இருந்திருக்கும் அவளுக்கு? முகத்துல துளி காட்டிக்கிடல பாருங்க, அதுதான் பெருந்தன்மை. "சார், உங்களுக்கு நல்லானது ரொம்பச் சந்தோஷம். நாங்க பரீட்சை முடியவும் வேற வீடு பாத்துக்கிடுதோம்"னா. நான் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லல, அதுக்குள்ள எதுக்குக் காலி பண்ணப் பாக்கா? எனக்குப் புரியவே இல்ல.

போன ஞாயித்துக்கிழமை ஸ்தலத்துக்குப் போனேன். எல்லாரும் பின்னால நிக்காங்க. டீச்சர் வாசல்ல கையைக் கட்டிக்கிட்டு நிக்கா. உள்ள ரெண்டு பெட்டி கட்டி வச்சிருக்கு. மிக்கேல் அய்யா தட்டுக்கு முன்னால உக்காந்து இடது கையால சோத்தைப் பிசையுதாரு. கை சரியா வரல. பாதி சோறு தட்டுக்கு வெளியில விழுது. அதைப் பொறுக்கிப் பொறுக்கி வாயில வைக்காரு. என்னையப் பாத்துட்டு, "வாங்க, ஒரு வாய் சாப்பிடுதீங்களா?"ங்காரு. வாடைன்னா வாடை, அப்படி ஒரு வாடை. கண்ணு கலங்கிட்டு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "ஒண்ணும் இல்லையே"ன்னேன்.

டீச்சர் பொலபொலன்னு அழுதுட்டா. பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டு ஆபரேஷன் பண்ணியும் சாருக்கு மூக்கு திறக்கலையேன்னு அழுதிருக்கா. அம்புட்டு இளகின மனசு.

ஆவுடையப்பன் விடுவாரா? "அப்பம் ஆபரேஷன் பெயிலு. டாக்டர்கிட்ட வாரும், நானே கூட்டிட்டுப் போறேன்"னு வண்டியில ஏத்திட்டாரு. இப்பம் உள்ள போனா ஒவ்வொரு சீசாவா மூக்குல நீட்டுவாங்க. அசையாம உக்காரணும். அந்த டாக்டரம்மாவுக்குத்தான் கெட்ட பேரு, அதை நினைச்சாத்தான் மனசு கேக்க மாட்டேங்கு... எத்தனாம் நம்பர்? பதினெட்டா? நான்தான். அந்தா அவரும் வந்துட்டாரு. போயிராதீங்க, வந்து மிச்சத்தைச் சொல்லுதேன்.

---

இருக்கீங்களா? நல்ல ஆளு நீங்க. கொஞ்சம் தண்ணி இருந்தாக் கொடுங்க. கண்ணு இன்னும் எரியுது.

என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. கண்ணைக் கட்டிட்டாங்க. முதல்ல காப்பித்தூள். அண்ணாச்சி, நாலு வருஷம் கழிச்சுக் காப்பித்தூளை மூக்குக்கிட்ட காட்டுதாங்க, நான் தெரியலங்கணும்! வாயில எச்சி ஊறிட்டு. முழுங்கினா தெரிஞ்சுருமேன்னு முழுங்காம இருக்கேன். ரெண்டாவது கிராம்பு. மூணாவது பெருங்காயம். தெரியல, தெரியல. நாலாவது சீசா வந்துது பாருங்க, நெத்திக்குள்ள ஆணி இறங்கின மாதிரி சுள்ளுன்னு ஏறுது. கண்ணுல கட்டின துணி நனைஞ்சு போச்சு. நான் அசையல. "ஒண்ணுமே இல்ல டாக்டரம்மா"ன்னேன். டாக்டரம்மா "ம்"னு ஒரு சத்தம் விட்டாங்க, அவ்வளவுதான்.

சரி, ஜெயிச்சாச்சுன்னு கட்டை அவுத்தா, ஆவுடையப்பன் ஒரு பையைத் திறக்காரு. அதுக்குள்ள ஒரு பை. அதுக்குள்ள ஒண்ணு. ஏழு பை! கடைசியில ஒரு ஊறுகாய்ப் பாட்டில். என்னன்னு நினைக்கீங்க? கருவாடு! வெள்ளிக்கிழமை வெங்காயம் தொடாத மனுசன், சந்தையில போயி நின்னு கருவாடு வாங்கியிருக்காரு. இதை எடுக்கத்தான் காருக்கு ஓடியிருக்காரு. டாக்டரம்மா "என்ன சார் இது, என் ரூம்ல!"ன்னு எந்திரிக்கதுக்குள்ள மூடியைத் திருகி என் மூக்குக்கு நேரா நீட்டிட்டாரு. நீட்டினவரு ஓங்கரிச்சுக்கிட்டே சொல்லுதாரு, "பாரும்வே, இதே வாடைதான், இதேதான் அன்னைக்கும் அவ வீட்டுல அடிச்சுது!"

நான் சும்மா இருந்திருக்கணும். எங்க முடியுது? தப்பான அளவை ஒருத்தன் சரின்னு சாதிச்சா என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியாது, பழக்க தோஷம். "இதே வாடையா? கோட்டி பிடிச்சிருக்கா வே உமக்கு? இது வெறும் உப்பும் மண்ணுமா அடிக்கு. அவ வீட்டுல அடிச்சது எண்ணெய்ப் பசையா, புளியோட சேந்து ஒரு மாதிரி கனமா இருந்துது. அது வேற மீனு!"ன்னுட்டேன்.

சொன்னப்புறம்தான் நாக்கைக் கடிச்சேன். "அகப்பட்டீரா!"ன்னாரு ஆவுடையப்பன்.

எனக்கு எங்கயிருந்துதான் அந்தக் கோவம் வந்துதோ. "ஆமாவே, அடிக்கு. அன்னைக்கும் அடிச்சுது. வயத்தைப் புரட்டிச்சு. உம்ம வீட்டுல முள்ளங்கிச் சாம்பார் வச்சாலும்தான் புரட்டுது, நாலாவது வீட்டு நாயும்தான் நாறுது. யாரையாவது காலி பண்ணச் சொன்னமா? கை விழுந்த கிழவன், ஒத்தைக் கையால பிசைஞ்சு திங்காரு. அவரு வீடு, அவரு அடுப்பு. வாடை அடிச்சா அடிச்சுட்டுப் போகுது"ன்னேன். கத்திட்டேன் அண்ணாச்சி. இங்கன வரைக்கும் கேட்டிருக்குமே? கேட்டுச்சா? கேக்கட்டும்.

அவரு "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பாப்போம்"னுட்டு, என்னைய இங்கயே விட்டுட்டுக் காரை எடுத்துட்டுப் போயிட்டாரு. பாட்டிலை டாக்டரம்மா மேசையில வச்சுட்டுப் போயிட்டாரு, அது வேற.

டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அந்த நாலாவது சீசா அம்மோனியாவாம். வாசனை சுத்தமாத் தெரியாதவங்களுக்கும் அது சுள்ளுன்னு குத்துமாம், அது வேற நரம்பாம். "நிஜமாத் தெரியாதவங்க துள்ளி எந்திரிப்பாங்க சார். கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த ஒண்ணுமே இல்லைன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான்"னு சிரிக்காங்க. மூக்கு முழுசா நல்லாயிட்டுன்னு சீட்டுல எழுதிக் கொடுத்துட்டாங்க. இந்தா பாருங்க. அதனால நீங்க தைரியமா வியாழக்கிழமை...

இருங்க, போன் அடிக்கு. டீச்சர்தான்.

ஆங், சொல்லுங்க டீச்சர். பாத்தாச்சு, பாத்தாச்சு. நல்லாத் திறந்துட்டாம்... இல்ல டீச்சர், இன்னைக்குத் திறக்கல. அன்னைக்கு உங்க வாசல்ல வந்து நின்னேன்லா, அதுக்கு முந்தியே திறந்துட்டு... அழாதீங்க டீச்சர், இப்பம் எதுக்கு அழுகை... ஆவுடையப்பனுக்கும் தெரிஞ்சு போச்சு. என் வாயிதான், வேற யாரு... ஞாயித்துக்கிழமை நான் பேசுதேன். இத்தனை நாள் வாடை இல்லைன்னு எழுதினேன். இனிமே இருக்குன்னு எழுதி, இருந்துட்டுப் போகட்டும்னு எழுதுவேன். கையெழுத்துப் போட எவனும் வரலேன்னா நான் ஒருத்தன் போடுதேன். நீங்க பெட்டியை அவிழ்த்துருங்க... அய்யா சாப்பிட்டாச்சா?... இப்பம்தான் குழம்பு கொதிக்குதா? சரி சரி. என்ன டீச்சர், மூச்சு வாங்குது உங்களுக்கு?... என்னது? ஜன்னல், கதவு எல்லாத்தையும் சாத்திட்டா காய்ச்சுதீங்க? இந்த வேக்காட்டுலயா?... எப்பவுமா? நாலு வருஷமாவா?

திறங்க. நான் சொல்லுதேன்லா, எல்லாத்தையும் திறங்க டீச்சர். அய்யாவுக்குக் காத்து வரட்டும்.